தம்பி எங்களைத் துரத்திய விதம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் மின்சார அறையில் ஒரு மத்தியானம் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. தீயணைப்புக்காரர் அணைத்துவிட்டுப் போனார்கள். பிறகு கவுன்சில், அதுதான் அந்தப் பகுதி நகரசபை, வந்தது. கட்டடம் ஆபத்தானது, திருத்தும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று ஒரு பெண் அதிகாரி சொன்னாள். வாசலில் நாடா கட்டினார்கள். என் அடுப்பில் பாதி வெந்த சோறுகூட நாடாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வெளியேற்றுவதென்றால் அவர்களுக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது, அதிலே ஒரு குறையுமில்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் வழங்காது. சக்கர நாற்காலிதான். கீழ்த்தளம், நாற்காலி நுழையக்கூடிய கழிவறை, இந்த இரண்டுக்காகவும் முன்பு கவுன்சிலோடு மல்லுக்கட்டித்தான் அந்த வீட்டைப் பெற்றிருந்தேன்.

எங்கள் எல்லோரையும் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். தேநீர், பிஸ்கட், மடக்குக் கட்டில். அதே அதிகாரி குடும்பம் குடும்பமாக வந்து, போக இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து, நான் போனில் சொன்ன செய்தியைக் கேட்டு, பக்கத்து ஊரான சட்டனிலிருந்து இவருடைய தம்பி காரில் பறந்து வந்தான். நான் வாய் திறக்க முன்பே அவளிடம் ஆங்கிலத்தில், அண்ணனைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவர்களுடைய உதவி தேவையில்லை என்றும் சொல்லிவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மச்சாள், நான் இருக்கேக்க அண்ணை ஹோலுக்குள்ள படுக்கிறதோ? இன்னொருக்கா அகதி முகாமோ? எழும்புங்கோ."

நானும் எழும்பினேன். எங்கள் சனம் அப்படித்தான். இடம்பெயர்ந்தால் சொந்தக்காரர் வீடு, ஒருவரும் இல்லாதவர்களுக்குத்தான் முகாம். ஊரில் அப்படி ஓடிப் பழகிய கால், லண்டனிலும் யோசிக்காமல் அப்படியே நடந்தது.

மண்டபத்தில் தங்கியவர்களைக் கவுன்சில் முதலில் ஹோட்டலுக்கும் பிறகு தற்காலிக வீடுகளுக்கும் அனுப்பியது. எங்களுக்கு ஒன்றுமில்லை. கேட்டால், உங்களுக்குத்தான் போக இடம் இருக்கிறதே என்றார்கள்.

என்ன பெரிய இடம்? தம்பி வீட்டில் கழிவறை மேல்மாடியில். வேலைக்குப் போக முன்பு ஒரு தடவை, வந்த பின்பு ஒரு தடவை, அவன் அண்ணனை முதுகில் சுமந்து படியேறுவான். இடைப்பட்ட நேரத்துக்கு நான் என்ன செய்ய? மனுசனுக்கு அதெல்லாம் ஷிப்ட் பார்த்தா வரும்? நாப்பி கட்டினேன். மாற்றும்போது இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு காலை படியில் தம்பிக்குக் கால் சறுக்கியது. கைப்பிடி அகப்பட்டதால் இருவரும் தப்பினார்கள்.

கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். அங்கே வீடு கொடுக்கும் பகுதி, அவசரகாலப் பகுதியைக் கேட்கச் சொன்னது. அவசரகாலப் பகுதி, மண்டபத்தை மூடிய அன்றே அவசரம் முடிந்துவிட்டது என்றது. இன்னொருவன், இப்போது சட்டனில்தானே இருக்கிறீர்கள், அந்தக் கவுன்சிலைக் கேட்டுப் பாருங்கள் என்றான். கோதாரி! என் வாசலில் நாடா கட்டினது ஆர், சட்டனோ?

கடைசியில் மண்டபத்தில் கண்ட அந்த அதிகாரியே போனில் அகப்பட்டாள். குரலில் இரக்கம் இருந்தது. எனக்கு அதுவே இன்னும் பத்திக்கொண்டு வந்தது. உறவினர் இனி எங்களை வைத்திருக்க மாட்டேன் என்று சொன்னால் இன்றைக்கே அறை தர முடியுமாம். அதையும் அவர் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். படியேற ஏலாத மனிதர் என்பது போதாதா என்று கேட்டேன். போதாது என்றாள்.

தம்பி அன்று வீட்டில்தான் நின்றான். அவள் லைனில் இருக்க, நான் விஷயத்தைச் சொன்னதும் என்மேல் பாய்ந்தான். "உங்களுக்கென்ன விசரோ மச்சாள்? அண்ணையை வெளியில போ எண்டு நான் சொல்லுறதோ? என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதே அவர்தான்!"

"அப்ப நாளைக்கும் தூக்கிக்கொண்டு ஏறு. ரெண்டு பேரும் சேர்ந்து விழுங்கோ," என்றேன்.

போனை என் கையிலிருந்து பறித்தான். இவர் இருந்த அதே அறையில் நின்றுதான் கதைத்தான். வேறு அறைக்குப் போகும் புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சத்தமாக, தன் வீட்டில் அண்ணனுக்கு இடமில்லை, அவர் இன்றைக்கே போக வேண்டும் என்றான். போனில் அவள் அவனுக்கு நன்றி சொன்னது எனக்கும் கேட்டது. இது பெரிய உதவி என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சக்கர நாற்காலிக்கு முன்னால் தரையில் குந்தினான். "அண்ணை, அது கவுன்சிலுக்குச் சொன்ன கதை. விளங்குதுதானே?"

"ஓம்," என்றார் இவர்.

பக்கவாதத்துக்குப் பிறகு இவருக்குத் தெளிவாக வரும் சொல் அது ஒன்றுதான். சாப்பிட்டீங்களோ என்றாலும் ஓம், நோகுதோ என்றாலும் ஓம். அது தம்பிக்கும் தெரியும். அவன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.