பாமூனின் நாலு ஏடுகள்

அலெக்சாந்திரியாவில் ஆசான் பேசுவார், மாணவன் எழுதுவான். முதல் ஏட்டின் தலையில் ‘ஆசான் இன்னாரின் வாய்மொழி’ என்று போடுவார்கள். எழுதியவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இருபது வருடமாக இந்தத் தலைப்பை நகலெடுத்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்கு அவர்கள்மேலும் ஆத்திரம், என்மேலும் ஆத்திரம்.

பாமூன் என் பக்கத்து வீட்டுக்காரன், துணி வெளுப்பவரின் மகன். நெமேசியோன் ஆசானின் தத்துவ வகுப்பில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தான். கூடப் படித்தவர்கள் வக்கீலானார்கள், ஒருவர் பிஷப்பே ஆகிவிட்டார். இவன் மட்டும் வகுப்பறையின் அதே கல்படியில் இருந்தான். “பேசாம அந்தக் கல்லையே கட்டியிருக்கலாம் நீங்க” என்பாள் அவன் மனைவி தயேசி.

ஆசானுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. பாதி வாக்கியத்தில் நின்று சுவரைப் பார்ப்பார். அவர் மானம் போகக் கூடாதென்று பாமூன் வீட்டில் உட்கார்ந்து வகுப்புக்கான உரையை எழுதிக் கொடுத்தான். ஆசான் அதைப் பார்த்து வாசித்தார். வாசித்ததை மாணவர்கள் ஆசானின் வாக்கென்று எழுதிக்கொண்டார்கள். பள்ளியை நடத்திய அவருடைய மருமகன் அக்கிலாஸுக்கும் எனக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும்.

தூங்குகிறவனின் புலன்கள் முழுக்க மூடிவிடும் என்பது ஆசானின் பழைய பாடம். அந்த இடம் வந்தபோது பாமூனுக்குக் கைக்குழந்தை. அவன் எழுதினான்: ‘என் ஆசான் இப்படிச் சொல்வார், எனக்கு உடன்பாடில்லை. தெருவில் வண்டிகள் கடகடத்தாலும் தாய் எழுவதில்லை, குழந்தை சிணுங்கினால் எழுகிறாள். ஆகவே தூக்கத்திலும் நம்முள் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.’ இதையே விரித்து நாலு ஏடு. ஆசான் அதையும் கண்ணிமைக்காமல் வாசித்தார். ‘என் ஆசான்’ என்றது ஆசானின் ஆசானை என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாமூன் வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உரை முடிந்ததும் தன் பெயரைப் போட்டு நகலெடுக்க என்னிடம் கொடுத்தான். அக்கிலாஸ் காதுக்கு எட்டிவிட்டது. வகுப்பு கூடியிருக்கும்போது எங்கள் இருவரையும் நிற்கவைத்து, பாமூனைப் பார்த்து “திருடன்” என்றார். இருபது பேர் தங்கள் ஏடுகளைத் தூக்கிக் காட்டினார்கள். எழுத்துக்கு எழுத்து அதே உரை, தலையில் ஆசான் பெயர்.

“மூலப் பிரதியை எழுதினது என் கைதானுங்க ஐயா” என்றான் பாமூன்.

“கை உன்னுதுதான்யா. யார் இல்லேன்னா? வாய் யாரோடது?” என்றார் அக்கிலாஸ். எல்லாம் தெரிந்த மனுஷன்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்தத் தூக்கப் பகுதியை ஆசானுக்குப் படிச்சுக் காட்டுங்க!” என்று கத்தினேன்.

படித்தார்கள். ஒரு மாதமாக யாரையும் அடையாளம் தெரியாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்த கிழவர் எழுந்தே விட்டார். “எவண்டா இதை எழுதின முட்டாள்? தூங்கறவன் காது கேக்காதுன்னு நாப்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன்!”

“கேட்டீங்களா! அவர் வாயாலயே சொல்லிட்டாரு!” என்று குதித்தேன்.

அக்கிலாஸ் ஒரு கணம்தான் தடுமாறினார். “சரி, அந்த நாலு ஏடு ஆசானோடது இல்லை. எவனோ நடுவுல செருகிட்டான். வெட்டிடுங்கப்பா” என்றார். இருபது பேரும் பேனா சீவும் கத்தியை எடுத்தார்கள். பாமூன் சொந்தமாக யோசித்ததென்று ஊரறிய நிரூபணமான ஒரே இடம், என் கண்ணெதிரில் இருபது பிரதிகளிலிருந்தும் போனது.

பிறகு அக்கிலாஸ் பாமூனிடம் குழைந்தார். அவனும் தன் பிரதியில் அந்த ஏடுகளை வெட்டிவிட்டால் ‘ஆசானின் வாய்மொழி, எழுதியவன் பாமூன்’ என்று போடுவாராம், பள்ளியில் பாடம் சொல்லும் வேலையும் தருவாராம்.

மறுநாள் பாமூன் என் கடைக்கு வந்தான். “உன் பேரைப் போடறேன்டா. அவனுங்க கிடக்கறானுங்க” என்றேன்.

“என் பேரைப் போட்டா திருட்டுச் சரக்குன்னு எவனும் தொடமாட்டான். ஆசான் பேரைப் போட்டா நாலு ஏடு போயிடும். யார் பேரும் வேணாம், விடு. ஏடு இருக்கட்டும்.”

“மடையா! பதினெட்டு வருஷம்டா!”

“தயேசி எழுந்தது நிஜம்டா. அது போயிடக் கூடாது.” எழுதியது யாரென்று யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். இரண்டு வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டான்.

இதுவரை பதினோரு பிரதி எடுத்துவிட்டேன், தலையில் பெயரில்லாமல். படித்த மேதைகள் என் கடையில் நின்று சண்டை போடுகிறார்கள். ஒருவர் நெமேசியோன் இளவயதில் எழுதியது என்கிறார், இன்னொருவர் அவருடைய ஆசானுடையது என்கிறார். துணி வெளுப்பவர் மகன் எழுதியிருப்பான் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

போன வாரம் தயேசி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “அவர் பேரு எங்க இருக்கு, காட்டுங்க” என்றாள். இல்லை என்று சொல்ல மனமில்லாமல், அந்த நாலு ஏட்டைத் திறந்து அவள் குழந்தைக்காக எழுந்த இடத்தைப் படித்துக் காட்டினேன்.

அவள் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். “ஒரு ஓரத்துலகூட அவர் பேரைப் போட முடியலை. என் தூக்கத்தை மட்டும் ஊருக்கே வித்துட்டு இருக்கீங்களா?”