வெளியே வராத கோது

என் மனைவியின் தம்பி எனக்கு ஆறு வருடம் பிந்தி நோர்வேக்கு வந்தவன். ரயில் சீட்டு எடுப்பதிலிருந்து வேலைக்கு விண்ணப்பிப்பது வரை எல்லாவற்றையும் நான்தான் அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் ஒஸ்லோவில் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்தோம். அங்கே அவன் ஒரு பகிடி விட்டால் நோர்வேக்காரர் மேசையில் தட்டிச் சிரிப்பார்கள். அதே பகிடியை நான் சொன்னால் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார்கள். எனக்கு அவன்மேல் பொறாமைதான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு வேட்டைக் குழுவுக்கும் தலைவர். எல்க் என்று நோர்வேக்காரர் சொல்லும் அந்தப் பெரிய மிருகத்தை நாங்கள் மரை என்போம். அந்த இலையுதிர்காலத்தில் குழுவில் ஒரே ஒரு இடம் வெறுமையானது. நானும் மச்சானும் வேட்டைப் பரீட்சையில் சித்தியடைந்து, ஆளுக்கொரு பழைய துவக்கு வாங்கி வைத்திருந்தோம். எனக்கு மரை இறைச்சி பெரிதில்லை. காட்டுக்குள் நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து கதைக்கிறார்களே, அந்த வட்டத்தில் எனக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது.

வேட்டைக்கு முந்திய சனிக்கிழமை தலைவர் எங்களைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். மச்சான் சுட்டான். துவக்கின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் பிடியை இரண்டு விரலால் தூக்கி இழுத்தான். வெடித்த ரவையின் வெற்றுக் கோது துள்ளி வெளியே விழுந்தது. அடுத்தது நான். குறி நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் பிடி மேலே எழவில்லை. உள்ளங்கையால் அடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சூட்டுக்குப் பிறகு கோது, ரவை போடும் அறைக்குள்ளேயே இறுகிவிட்டது.

"அடிக்காதையுங்கோ அத்தான், கை நோகும். என்ரையாலை சுடுங்கோவன்" என்று மச்சான் தன் துவக்கை நீட்டினான்.

அவன் நக்கலடித்திருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையான இரக்கத்தோடு நீட்டினான், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காயம்பட்ட மரைக்கு உடனே இரண்டாவது வெடி வைக்க முடியாத துவக்கைக் காட்டுக்குள் கொண்டுபோகத் தன்னால் விட முடியாது, புதன்கிழமைக்குள் திருத்திக்கொண்டு வா என்றார் தலைவர்.

ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசை பட்டறையானது. வேறு பெட்டித் துவக்கு ரவை வாங்கிவந்து தனியே சுடுதளத்துக்குப் போய்ப் பார்த்தேன், அதே இறுக்கம். போல்ட்டில் கோதைக் கவ்வி இழுக்கும் சின்னக் கொக்கியைக் கழுவினேன், அதிலும் பிழையில்லை. துணி சுற்றிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு விட்டு எடுத்தேன். குழாய் கண்ணாடிபோல மினுங்கியது. மச்சான் ஏதாவது செய்திருப்பானோ என்றுகூட யோசித்தேன். அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே சரி.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், சுடுதளத்தில் பொறுக்கிவந்த அவனுடைய கோதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடையது சுற்றிவர ஒரே மினுக்கம். என்னுடையதில் அடிப்பக்கமாக, ஒரு புறம் மட்டும் மங்கிக் கீறல் விழுந்திருந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. வெடிக்கும்போது பித்தளைக் கோது வீங்கி அறைச் சுவரோடு ஒட்டும், பிறகு கொஞ்சம் சுருங்கி விடுபடும். சுவரில் ஏதாவது சொரசொரப்பாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். குழாயைவிட அந்த அறை அகலம். நான் விட்ட மெல்லிய துணி அதன் சுவரில் முட்டவே இல்லை.

துணியைத் தடிப்பாகச் சுற்றி அறைக்குள் விட்டுத் திருகினேன். மஞ்சளும் கறுப்புமாகத் தூள் வந்தது. மூக்கில் வைத்தேன். கருகல் மணத்துக்கு அடியில் சந்தன மணம்.

போன கிழமைதான் ஆயுத பூசை. பிள்ளைகளின் புத்தகங்களோடு தையல் மெஷினையும், போல்ட் கழற்றிய எங்கள் இரண்டு துவக்குகளையும் வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தோம். மச்சானும் வந்து கும்பிட்டான். மனைவி சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். நான் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தேன்.

"இதுக்குள்ளையும் பொட்டு வைச்சனீரோ?" என்று துணியைக் காட்டினேன். குரலில் இருந்த சூடு எனக்கே கேட்டது.

"ஓம். தையல் மெஷினுக்கும் ஊசிக்குப் பக்கத்திலைதானே வைக்கிறனான். வேலை நடக்கிற இடத்திலையெல்லோ வைக்கோணும்."

"தம்பியின்ரைக்கு?"

"அவனுக்குத் துவக்கின்ரை மரக்கட்டையிலை ஒண்டு காணும். அவனுக்கு எல்லாம் தன்பாட்டிலை நடக்குது. உங்களுக்குத்தானே இடம் கிடைக்கோணும்."

அதற்குப் பிறகு எப்படி ஏசுவது? துணியை மடித்துக் குப்பைக்குள் போட்டேன்.

புதன்கிழமை என் போல்ட்டும் இரண்டு விரலில் திறந்தது. தலைவர் தோளில் தட்டினார். ஆனால் இடத்தை முதல்நாளே மச்சானுக்குச் சொல்லிவிட்டாராம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

வேட்டை முடிந்து மச்சான் ஒரு பை நிறைய மரை இறைச்சி கொண்டுவந்தான். மனைவி மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்தாள். நெருப்பு, நாய்கள், தலைவர் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். மனைவி அப்பளம் எடுக்கக் குசினிக்குப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பூசையண்டைக்கு அக்கா உங்கடை துவக்குக்கு உள்ளுக்கை விரலை விட்டுப் பொட்டு வைச்சதைப் பாத்தனான் அத்தான். என்ரைக்குக் கட்டையிலை ஒரு தீத்தல். காட்டுக்குள்ளை தனிய நிக்கேக்கையும் எனக்கு அதுதான் நினைவு."

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. நான் சட்டியிலிருந்து இன்னொரு இறைச்சித் துண்டை எடுத்து அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். அந்தப் பொட்டு என்ன செய்தது என்று மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை.