பன்னிரண்டாயிரம் சேனல்

கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வீட்டு வரிசையில் கமலநாதன் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கேட்டில் பித்தளைப் பலகை இருக்கிறது. 'தலைவர் ப. கமலநாதன்' என்று தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை. எதற்குத் தலைவர் என்று பலகை சொல்லாது. கோயில் கட்டடக் குழுவுக்கு ஒரே ஒரு தவணை தலைவராக இருந்தார். அந்தத் தவணையில் கட்டடம் எதுவும் எழும்பவில்லை. பதவி போய்ப் பல வருடம் ஆகிறது. பலகை மட்டும் புளி போட்டுத் துலக்கப்பட்டுப் பளபளப்பாகவே இருக்கிறது. துலக்குவது அவருடைய மனைவி அமுதவள்ளி.

கோயிலுக்கு அவர் கொடுத்தது ஒரு ட்யூப் லைட். அதன் மேல் 'உபயம்: தலைவர் ப. கமலநாதன் குடும்பத்தார்' என்று சிவப்புப் பெயின்டில், கஞ்சத்தனமில்லாமல், குழாய் முழுக்க எழுத வைத்தார். இரண்டு முனைகளில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். மடப்பள்ளியில் காய் நறுக்குகிற பெண்கள் அதன் கீழே உட்காராமல் கதவோரம் நகர்ந்துகொள்வார்கள். அவர் வீட்டு வைபைக்கும் தலைவர் கமலநாதன் என்றுதான் பெயர். பக்கத்து வீடுகளில் போனைத் திறந்தால் முதலில் அவர்தான் வருவார்.

இவர்களுக்கு ஒரே மகள், வாணி. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நர்ஸ். அங்கேயே வேலை செய்யும் ஈப்போப் பையனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்து, கல்யாணத்தையும் அங்கேயே வைத்தாள். மாப்பிள்ளையைப் பற்றி கமலநாதனுக்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை. குறை அழைப்பிதழில் கிடைத்தது. அதில் 'கமலநாதன், அமுதவள்ளி தம்பதியரின் புதல்வி' என்று மட்டும் அச்சாகியிருந்தது. தலைவர் இல்லை. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர், அவர் பெயருக்கு முன்னாலும் எதுவும் போடவில்லை என்று வாணி பொறுமையாகச் சொன்னாள். அது அந்த மனிதரின் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்றே கல்யாணத்துக்கு வரவில்லை என்று முடிவாகிவிட்டது.

அம்மாவுக்கு மட்டுமாவது டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்றாள் வாணி. அமுதவள்ளியிடம் பாஸ்போர்ட் இருந்தது. கமலநாதன் ஒரே கேள்வியில் அதையும் முடித்தார்.

"நான் போகாத எடத்துல நீ போய் நின்னா ஆளுங்க என்னா நெனப்பாங்க?"

பாஸ்போர்ட் மறுபடி புடவைகளுக்கு அடியில் போயிற்று. அமுதவள்ளி அழவில்லை, வாதாடவும் இல்லை. தாலி கட்டுவதை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்று வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்தை யூடியூபில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு இருந்தது. ஆனால் அமுதவள்ளிக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருந்தது. போன் திரையில் முகங்கள் அவருக்கு வெறும் நிழல்கள். பெரிய டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் தெரியும். வீட்டில் பெரிய டிவி இருந்தது, வரிசையிலேயே பெரியது. வாங்கிய காலத்தில் அதிலேயே இன்டர்நெட் வந்தது. இப்போது அது கிழடாகி எந்த ஆப்பையும் திறப்பதில்லை. பின்னால் சொருகுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கினால் போதும் என்று வாணி சொன்னாள். பக்கத்து வீட்டு டொரத்தியிடம் அதுதான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கத்தோலிக்கப் பெண்மணி. ஞாயிறு பூசைக்குப் போக முடியாத நாளில் அந்தக் கருவியில்தான் பூசை பார்ப்பார். வாணி சின்ன வயதில் பாதி நாள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டாள். கல்யாணத்தன்று தன் வீட்டுக்கே வந்து பார்க்கலாம் என்று டொரத்தி சொன்னதும் கமலநாதன் முகம் சிவந்துவிட்டது.

"என் மக கல்யாணத்தை அடுத்த வீட்ல போயி பாக்கணுமா? அதுவும் பல்லு குத்துற சைஸ் குச்சியில?"

பிறகு அவர் கருவி தேர்ந்தெடுக்கப் புறப்பட்டார். கிள்ளானில் ஒரு பெரிய கடையில் அந்தக் குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கனமே இல்லை. டிவிக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று கடைப்பையன் அதை ஒரு வசதியாகச் சொன்னான். கமலநாதனுக்கு அங்கேயே அது பிடிக்காமல் போயிற்று. வந்தவர்கள் கண்ணில் படாத ஒன்றை ஏன் வாங்க வேண்டும்? எத்தனை சேனல் என்று கேட்டார்.

"சேனல் இல்ல அங்கிள், ஆப் மட்டும்தான். வைபை இருந்தா போதும் லா."

"சேனல் இல்லாத சாமானை டிவிக்குன்னு எங்கிட்ட விக்கிறியா?"

அந்தப் பையனை நிற்க வைத்து அரைமணி நேரம் வியாபார தர்மம் போதித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். சேனல் எண்ணிக்கை ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த அளவுகோல். அரிசியை மூட்டையின் அச்சுப் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களும் இந்த ஜாதிதான்.

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், முகுந்தன் என்பவன் பெட்டி விற்கிறான். கறுப்புப் பெட்டி, முன்னால் நீல விளக்கு ஓடும், மேலே இரண்டு கொம்பு. பன்னிரண்டாயிரம் சேனல், மாதக் கட்டணம் கிடையாது, ஆயுள் முழுக்க. யாருடைய ஆயுள் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. முகுந்தன் கமலநாதனைத் 'தலைவரே' என்று கூப்பிட்டான். வியாபாரம் அதோடு முடிந்தது.

சனிக்கிழமை முகுந்தன் வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டினான். அவனைக் குறை சொல்ல முடியாது, வேலையை ஒழுங்காகவே செய்தான். பெர்த் மண்டபத்தில் அலங்காரம் செய்தவர்கள் சோதனைக்காக அப்போது ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். வாணி அனுப்பிய லிங்க்கைப் போட்டதும் மேடை தெரிந்தது. கையில் மாலைக் கூடையோடு வாணியே ஒரு தரம் குறுக்கே நடந்து போனாள். அமுதவள்ளி திரையருகே போய், மூக்கு படுகிற தூரத்தில் நின்றார்.

"எளைச்சிட்டா" என்றார்.

அதற்கு மேல் பார்க்க விடவில்லை. கமலநாதன் ரிமோட்டை வாங்கி, வந்து போகிறவர்களுக்குச் சேனல் காட்டத் தொடங்கினார். துருக்கி, அரபு, பெயர் தெரியாத நாடுகள். எதையும் பார்க்கவில்லை, தள்ளிக்கொண்டே போனார். அமுதவள்ளி தினம் பார்க்கிற தமிழ் சீரியல் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

மறுநாள் ஞாயிறு, காலையில் முகூர்த்தம். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே மணிதான். வாசலில் கூடாரம் போட்டு, டிவி இருந்த ஹாலிலிருந்து அதுவரை வாடகை நாற்காலி அடுக்கி, கோயில் குழு ஆட்களையும் வரிசை முழுவதையும் கமலநாதன் அழைத்திருந்தார். லிங்க்கை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் அவரவர் வீட்டில் பார்த்துவிடுவார்களே. அமுதவள்ளி விடியுமுன் எழுந்து அரிசியில் மஞ்சள் கலந்து, வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி அட்சதை கொடுத்தார். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, திரைக்கு எதிரே முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பெட்டிக்கு இன்னும் பூஜை போடவில்லை என்று கமலநாதன் அறிவித்தார். முதல் நாளே போட்டிருக்கலாம். முதல் நாள் கூட்டம் இல்லை.

புதுச் சாமானுக்குப் பொட்டு வைப்பது நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். காருக்கு வைக்கிறோம், பிரிட்ஜுக்கு வைக்கிறோம், அதில் தப்பே கிடையாது. விரல் நுனியால் தொட்டு ஓரமாக வைத்தால் சாமிக்குத் தெரியும். கமலநாதனுக்குப் பின்வரிசைக்கும் தெரிய வேண்டியிருந்தது. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தைப் பெட்டியின் முகத்தில், வழவழப்பான கறுப்புக் கண்ணாடி போலிருந்த இடம் பார்த்து, ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு அப்பினார். அதன் நடுவில் குங்குமம். சூடம் காட்டி எல்லோரையும் தொட்டுக் கும்பிடச் சொன்னார். பிறகு ரிமோட்டை எடுத்து அழுத்தினார்.

அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் பெட்டிக்குக் கண். ரிமோட் சொல்வதை அது அந்த வழியாகத்தான் வாங்கிக்கொள்ளும். கோயில் ட்யூப் லைட்டுக்குச் செய்ததையே அவர் இதற்கும் செய்திருந்தார். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை.

முந்தைய நாள் கடைசியாக விட்ட சேனல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த நாட்டவரோ, மலையடிவாரத்தில் ஒரு முழு ஆட்டைக் கம்பியில் செருகி நெருப்பின் மேல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விரதமாக வந்திருந்த கோயில் குழு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கமலநாதன் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை எடுத்துப் போட்டார். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். பெட்டியை அணைத்துப் போட்டார். நீல விளக்கு ஓடி முடிந்து, ஆடு மறுபடி வந்தது, இப்போது இன்னும் கொஞ்சம் வெந்திருந்தது. முகுந்தனுக்குப் போன் போட்டார். "ரிஸ்டார்ட் பண்ணுங்க தலைவரே, சர்வர் கொஞ்சம் டைட்டு" என்றான் அவன். பிறகு ஆஸ்திரேலியாக்காரன் லைன் சரியில்லை என்றார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டார்கள் என்று பேச்சு அங்கே போயிற்று. அழைப்பிதழில் தலைவர் போடாதவர்கள் எதுவும் செய்வார்களாம்.

அமுதவள்ளி சுவரைப் பார்த்தார். கடிகாரம் நின்றுவிட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. அட்சதைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போற? ஒக்காரு. இப்ப வந்துரும்" என்றார் கமலநாதன், ரிமோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"கல்யாணத்துக்குப் போறேங்க."

குரலை உயர்த்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, பித்தளைப் பலகை வைத்த கேட்டைத் திறந்து, அடுத்த கேட்டுக்குள் போனார். டொரத்தி கதவைத் திறந்தே வைத்திருந்தார். டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலி தயாராகப் போட்டிருந்தது. அப்பாவை அறிந்த பெண் வாணி. லிங்க்கை டொரத்தி ஆன்டிக்கும் அனுப்பியிருந்தாள்.

வாடகை நாற்காலிகளில் இருந்தவர்கள் கையிலும் அரிசி இருந்தது, ஆட்டின் மேல் போட முடியாது. பின்வரிசை முதலில் எழுந்தது. பாத்ரூம் போகிறவர்கள் போல ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் கோயில் குழுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போயிற்று. டொரத்தி வீட்டு ஹாலில் மாதா படத்துக்குக் கீழே இடம் கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள். அமுதவள்ளி திரையருகே, மூக்கு படுகிற தூரத்தில் இருந்தார். யாரும் மறைக்கிறது என்று சொல்லவில்லை. கெட்டி மேளம் முழங்கியது. மாப்பிள்ளை குனிந்தான். அமுதவள்ளி மகளின் முகத்தின் மேல், கண்ணாடித் திரையின் மேல், அட்சதையைப் போட்டார். எல்லோரும் போட்டார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் கமலநாதனுக்கு மேளச் சத்தம் நன்றாகவே கேட்டது. கேட் வரைக்கும் வந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே போக நாலு எட்டு. அந்தக் குச்சியைப் பற்றித் தான் சொன்னது அங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய், காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து, ஆடு வெட்டிப் பரிமாறப்படுவதைப் பார்த்தார்.

பந்தியில் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். அதற்குள் அவர் ஒரு கதை தயார் செய்துவிட்டார். பெரிய வேலை என்றால் மாற்று ஏற்பாடு ஒன்று வேண்டும், டொரத்திக்கு லிங்க் அனுப்பச் சொன்னதே தான்தான் என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார். சாம்பார் நன்றாக இருந்தது. எல்லோரும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் அட்சதைத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த டொரத்தியின் கண்ணில்தான் அந்தப் பொட்டு பட்டது. குனிந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அமுதவள்ளியை அழைத்தார்.

"அக்கா, பெட்டிக் கண்ணை அடைச்சு வச்சிருக்காரு அண்ணன். ஈரத்துணியால தொடைச்சா வேலை செய்யும் லா."

அமுதவள்ளி கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். சிரிப்பு வந்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்படியே இருக்கட்டும் டொரத்தி. ஒன் வீட்டுக்கு வர எனக்கு ஒரு சாக்கு வேணும்."

அதிலிருந்து சாயங்காலத்தில் அடுத்த கேட் திறக்கும் சத்தம் வரிசைக்குப் பழகிவிட்டது. அங்கே உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். சில நாள் கல்யாணப் பதிவையே மறுபடி போடச் சொல்வார். வாணியும் அந்த நேரம் பார்த்து அந்த டிவியிலேயே வந்து பேசுகிறாள்.

சந்தனம் காய்ந்து, வெடித்து, ஒரு நாள் தானாகவே செதிலாக உதிர்ந்தது. ரிமோட் வேலை செய்தது. முகுந்தனைத் தான் போட்ட போடில் அவன் சர்வரையே மாற்றிவிட்டான் என்று கமலநாதன் கோயிலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது பன்னிரண்டாயிரம் சேனலும் அவர் ஒருவருக்கே வருகிறது. தள்ளிக்கொண்டே இருக்கிறார்.