நாள் பார்த்து வெளிக்கிட்ட கரவன்

ரெசின் மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுளுக்கும் இறங்காது. பெற்றோலும் நகப்பூச்சும் கனிந்து போன வாழைப்பழமும் ஒன்றாய்க் கலந்தது போன்ற அந்த மணம், எனக்குப் பத்து வயதாயிருந்த ஒரு கோடை முழுவதும், லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு முன்கதவால் நுழைந்து, படியேறி, அம்மா மடித்து வைத்த உடுப்புகளுக்குள்ளும் போய்க் குடியிருந்தது. வகுப்பில் பக்கத்திலிருந்த பிள்ளை என்னிலிருந்து ஏதோ மணக்கிறது என்று ரீச்சரிடம் சொல்ல, நான் கழிவறைக்குள் போய் அழுத நாளும் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு 'கரவன்'. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், போன இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பக்கூடிய, சில்லுப் பூட்டிய சின்ன வீடு.

அதைக் கொண்டுவந்தவர் அப்பா. குட்மேய்ஸ் பக்கம் ஒரு 'பெற்றோல் ஷெட்'டில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே வாடிக்கையாக வரும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவருடைய தோட்டத்தில் அது பாசி பிடித்துக் கிடந்ததாம். எதையும் வாங்கிக்கொண்டு வந்த பிறகு யோசிப்பதுதான் அப்பாவின் வழக்கம் என்றாலும், இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்திருந்தார். தொண்ணூற்றேழாம் ஆண்டுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள் பாரமான கரவன் இழுப்பதற்கு இன்னொரு சோதனை பாஸ் பண்ண வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அப்பா பிந்தி எடுத்தவர். இதுவோ முழுக்கப் பைபர்கிளாஸில் வார்த்தது. முட்டைக்கு யன்னல் வைத்தது போல உருண்டையாக, காரை விடப் பாரம் குறைந்ததாக இருந்தது. அம்மா வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டுக் கூரை ஒழுகுவது போதாதென்று வெளியே இன்னொரு ஒழுகல் வீடா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே போகாமல் நின்றவர் யோகன் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டின் பெட்டி போன்ற மூன்றாவது அறையில் ஆறு வருடமாக இருந்தார். அகதி விண்ணப்பம் போட்டு, மறுத்து, மேன்முறையீடு செய்து, அதுவும் மறுத்து, திரும்பவும் போட்டு என்று அவருடைய 'கேஸ்' இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு கிழமைக்கொரு முறை செவ்வாய்க்கிழமைகளில் குடிவரவுக் கந்தோருக்குப் போய் 'சைன்' வைத்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு, சும்மா இருப்பதற்கு வெட்கப்பட்டு, கழுவிய சட்டி, கோப்பை ஏதனங்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். அன்று அவர் கரவனைச் சுற்றி வந்து, பின் மூலையில் இருந்த உடைவுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "அத்தான், இது வள்ளம்தான். கவிட்டு வைச்ச வள்ளம்" என்றார்.

ஊரில் அவர் பைபர் வள்ளம் செய்கிற இடத்தில் வேலை செய்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை எனக்கு அவர் ஏதனம் கழுவுகிற மாமா. உடைந்த இடத்தைச் சுற்றி அரத்தாளால் தேய்த்து, கண்ணாடி நாரில் செய்த பாயைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, பசை போன்ற ரெசினுக்குள் துளித் துளியாக ஒரு மருந்தை விட்டுக் கலக்கி, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார். மருந்து கூடினால் கைக்குள்ளேயே இறுகிவிடும், குறைந்தால் நாளைக்கும் காயாது. லண்டன் வெயிலை நம்பி அளவு போட ஏலாது என்று முதல் இரண்டு முறையும் பிழையாய்ப் போன பிறகு சலித்துக்கொண்டார். தேய்க்கும் தூள் பட்டால் உடம்பெல்லாம் கடிக்கும். கிட்டப் போகாதே என்று சொல்லியும் போன எனக்கு இரண்டு கையும் தடித்து, அம்மா பச்சைத் தண்ணீரால் கழுவித் தேங்காயெண்ணெய் பூசினார். திட்டு மட்டும் முழுக்க மாமாவுக்குத்தான்.

வைகாசி தொடங்கி ஆடி வரைக்கும் அந்த வேலை நடந்தது. யன்னல் ரப்பர்களை மாற்றினார். கதவடியில் உக்கிப்போன பலகையை வெட்டியெடுத்துப் புதிது போட்டார். சில்லுகளைக் கழற்றிக் கிரீஸ் அடைத்தார். பார்வைக்கு நல்ல ரயரெல்லாம் வயது போனது என்று அப்பாவிடம் சண்டை பிடித்துப் புதிது வாங்குவித்தார். அம்மாவும் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். பூப்போட்ட சீத்தைத் துணியில் மெத்தை உறை தைத்தார். அடுப்புக்கு மேலே ஒரு தட்டு வேண்டும், அதில் சாமிப்படம் வைக்க வேண்டும் என்றார். ஒருநாள் குளியலறையில் இருந்த நிறை பார்க்கும் தராசைக் காணவில்லை என்று அம்மா தேட, மாமா அதைக் காரில் கொழுவுகிற கரவனின் மூக்குக்குக் கீழே வைத்து ஒரு கட்டையை முண்டு கொடுத்து எத்தனை கிலோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் பாரம் குறைந்தால் ஓடும்போது வால் ஆடும், ஆடத் தொடங்கினால் காரையும் இழுத்துக்கொண்டு போய்க் கவிட்டுவிடும், ஆகவே பாரமான எதையும் பின்னுக்கு வைக்கக்கூடாது, நடுவில் சில்லுக்கு மேலேதான் வைக்க வேண்டும் என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு தரம் சொன்னார்.

இந்த நாட்டில் கரவனுக்கென்று சொந்த நம்பர் இல்லை. இழுக்கிற காரின் நம்பரையே பின்னாலும் எழுதிக் கொழுவ வேண்டும். அந்தத் தகட்டைப் பூட்டும்போது மாமா, "சொந்த நம்பரும் இல்லை, பதிவும் இல்லை. இழுக்கிறவன்ர நம்பரில ஓடுது. என்னைப் போலத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் மாமா கடலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கடற்கரையில் பிறந்த மனுஷன், லண்டன் வந்த ஆறு வருடத்தில் ஒருமுறையும் கடலைப் பார்க்கவில்லை. வந்ததோ லொறிக்குள் ஒளிந்து, கப்பலில். "கடலைக் கேட்டனான், பாக்கேல்லை" என்பார். அதற்கு முன்னர் அப்பா எத்தனையோ தரம் கூப்பிட்டும், விசா இல்லாதவன் கடலைப் பார்த்து என்ன செய்கிறது என்று மறுத்தவர், இப்போது தானே அப்பாவைக் கேட்டு, கிளாக்டன் பக்கம் கடலோரம் கரவன் நிற்பாட்டும் இடமொன்றில் மூன்று நாளுக்குப் பதிவு செய்வித்தார். கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து நிற்பாட்டுவது என்பதையெல்லாம் ஒரு கடிதாசியில் கீறி வைத்திருந்தார். அப்படி ஒன்றுக்காக அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

பதிவு செய்த சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மா குசினிச் சுவரில் தொங்கிய தமிழ்க் கடை நாட்காட்டியைப் பார்த்தார். அன்றைக்கு அட்டமி. புது வாகனம் முதன்முதல் வெளிக்கிடுகிற நாள் அட்டமியாக இருக்கக்கூடாது, பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு 'மோட்டர்வே'யில் போகிற காரியம், அடுத்த சனிக்கிழமை நல்ல நாள், நேரமும் காலையில் இருக்கிறது என்றார். ஷிப்ட் மாற்றி லீவு எடுத்து வைத்திருந்த அப்பாவுக்குக் கோபம் வந்தது. நானும் காலை உதைத்தேன். மாமாவின் முகம் ஒருகணம் வாடியது எனக்குத் தெரிந்தது, ஆனால் அவர் தமக்கை பக்கம்தான் நின்றார்.

"விடுங்கோ அத்தான். அக்கா மனக்குறையோட வரக்கூடாது. ஒரு கிழமைதானே" என்றார்.

அந்த ஒரு கிழமைக்குள் அவருடைய செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பின்னேரம் வந்து கரவனின் கூரையை ஒருக்கால் மினுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 'சைன்' வைக்கப் போன இடத்தில் அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். ஊரில் அப்போது யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலம். திரும்பிப் போகலாம் என்று சொல்லி ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரம். பின்னேரம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தடுப்பு முகாமிலிருந்து போன் வந்தது. அப்பா வக்கீலுக்கு எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். அம்மா நாட்காட்டிக்கு முன்னால் நின்றார். பார்க்கவில்லை, நின்றார். கேஸ் எப்படியும் அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் முடிந்திருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னது உண்மைதான். முதற்சனிக்கிழமை நாங்கள் வெளிக்கிட்டிருந்தாலும் அவரைப் பிடித்துத்தான் இருப்பார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் அவருக்குக் கிடைத்திருக்கும்.

போனில் மாமா தன்னைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. கழற்றிப் பூட்டிய சில்லு என்றபடியால் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு நிற்பாட்டி நட்டுகளை இன்னொரு தரம் இறுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாராம். சனிக்கிழமை கட்டாயம் வெளிக்கிட வேண்டும், அக்கா பார்த்த நாள் வீணாகக்கூடாது என்றும் சொன்னாராம். கடலுக்குப் போக யாருக்கு மனம் வரும்? அம்மா வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிவாகச் சொன்னார். "கரவன் நாளைக்கு வெளிக்கிடும். அவனிட்டப் போகும்."

சனிக்கிழமை காலை, பார்த்து வைத்த நேரத்தில், கார்ச் சில்லு நான்குக்கும் கரவன் சில்லு இரண்டுக்குமாக ஆறு தேசிக்காய் வைத்து நசித்து, நாங்கள் கடலுக்கு நேரெதிர்த் திசையில் வெளிக்கிட்டோம். நான் பின்சீற்றில் முழங்காலில் நின்று கண்ணாடியால் கரவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'எம் இருபத்தைந்து' வீதியில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்தபோது அதன் வால் மெல்ல ஒருபக்கம் போனது. பிறகு மறுபக்கம். பிறகு கார் முழுவதும் ஆடத் தொடங்கியது. அம்மா முருகா முருகா என்று கதவைப் பிடித்துக்கொண்டார். அப்பா பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்து, வேகம் தானாக இறங்கும்வரை வாயை இறுக்கிக்கொண்டிருந்து, பிறகு முதல் வந்த இளைப்பாறும் இடத்தில் கொண்டுபோய் நிற்பாட்டினார். கரவனைத் திறந்து பார்த்தால், பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே மாமாவின் இரண்டு சூட்கேஸ்கள். அவருடைய உடுப்பெல்லாம், அதற்கு மேல் ஊரில் சொந்தக்காரருக்குக் கொடுப்பதற்கென்று சவர்க்காரம், பால்மா, சப்பாத்து என்று அம்மா அடைத்தது வேறு. பக்கத்தில் சோறும் கறியும் வைத்த பெரிய சட்டிகள். அப்பா ஒரு வார்த்தை ஏசவில்லை. எல்லாவற்றையும் நடுவுக்குத் தூக்கி வைத்தார், நட்டுகளை இறுக்கினார், "மாமாவுக்குச் சொல்லாதே" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கரவனை முகாம் வளவுக்குள் விட ஏலாது என்று காவலாளி சொல்ல, வெளியே ஒரு வேலியோரம் நிற்பாட்டினோம். யன்னலால் என்றாலும் தம்பி அதைப் பார்க்க வழி உண்டா என்று அம்மா கேட்டதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டுத் தலையை ஆட்டினார். சூட்கேஸ்களை வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டை உள்ளே விடவில்லை.

உள்ளே, பார்வையாளர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மாமா அயன் குலைந்த அதே சேட்டோடு இருந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அப்பாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"நீ பின்னால திரும்பிப் பாத்துக்கொண்டுதானே வந்திருப்பாய். ஆடிச்சுதோ?"

நான் அப்பாவைப் பார்க்காமல் சொன்னேன். "இல்லை மாமா. ஆடவே இல்லை."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தமக்கையின் கையைத் தட்டிக்கொடுத்து, "பாத்தியளே அக்கா. நல்ல நாள்தான் பாத்திருக்கிறியள்" என்றார். அம்மா அப்போதுதான் அழுதார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் மாமா அதைச் சொன்னார். அதைவிடக் கொடிய சொல்லை வேறு யாரும் அம்மாவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

திரும்பி வந்து கரவனுக்குள் அப்பாவும் நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். அதற்குள் சாப்பிட்ட முதற்சாப்பாடும் கடைசிச் சாப்பாடும் அதுதான். அம்மா சீத்தை மெத்தையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த வியாழக்கிழமை மாமாவை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

கரவன் பிறகு எங்கும் போகவில்லை. இரண்டு மாரி வாசலில் நின்று திரும்பவும் பாசி பிடித்த பிறகு, கேட்டு வந்த ஒருவருக்கு அப்பா கொடுத்துவிட்டார். மாமா கொழும்பில் கொஞ்சக் காலமும் பிறகு முல்லைத்தீவுப் பக்கம் பழைய வள்ளத் தொழிலிலும் இருந்தார். போன் எடுக்கும்போது பின்னால் அலைச் சத்தம் கேட்கும். கடலை அவர் பார்த்துவிட்டார்தான். நாங்கள் காட்ட நினைத்த கடல் அதுவல்ல. சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியதும் போன் குறைந்தது, ஒருநாள் நின்றது. யுத்தம் முடிந்த வருடம் அப்பா விசாரிக்காத ஆளில்லை. ஒரு தகவலும் இல்லை. அவருடைய படத்துக்கு மாலை போட அம்மா இன்றுவரை விடவில்லை.

இப்போது அந்த வீட்டு வாசலில் அப்பாவின் கார் மட்டும் நிற்கிறது. கரவனின் சில்லு அழுத்திய பள்ளத்தைக்கூட யாரோ சீமெந்து போட்டு மூடிவிட்டார்கள். தமிழ்க் கடை நாட்காட்டி ஒவ்வொரு வருடமும் வருகிறது. கவுன்சில் குப்பை எடுக்கிற நாளைக் குறித்து வைப்பதற்கு மட்டும் அம்மா அதைப் பாவிக்கிறார்.

போன வருடம் எனக்குக் கலியாணம் பேசி முடித்து, மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் ஐயரிடம் எழுதுவித்த மூன்று திகதிகளோடு வந்தார்கள். முதலாவது அவ்வளவு விசேஷமில்லை, குற்றமுமில்லை. ஆவணியில் வருவதுதான் மிகத் திறமான நாள், நான்கு மாதம்தானே பொறுக்கலாம் என்றார்கள். அம்மா கடிதாசியை வாங்கிப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணீரை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, எது முந்தி வருகிறது என்று மட்டும் கேட்டார். சொன்னார்கள்.

"அதையே வையுங்கோ" என்றார் அம்மா. "நல்ல நாளெண்டு சொல்லி இனி ஒருத்தரையும் காத்திருக்கச் சொல்ல எனக்கு ஏலாது."