கடைசிப் பத்திக்குப் போன அமைச்சர்

அச்சகத்தில் அவரை எல்லோரும் ‘ஆதாரம்’ என்றே கூப்பிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் “ஆதாரம் எங்கே?” என்று கேட்பார். பகலெல்லாம் பாடப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பார். மிச்ச நேரத்தில் தன் இணையதளத்தில் எழுதுவார். தேர்தல் வாக்குறுதிகள், ஒரே வாரத்தில் சர்க்கரை நோயைப் போக்கும் பொடி, வாட்ஸப்பில் சுற்றும் போலிப் படங்கள் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. பதினோரு வருடமாக எழுதிவந்தார். ஒரு கட்டுரையை நாற்பது பேர் படித்தால் அன்றைக்கு வீட்டில் யாரோடும் சண்டை இருக்காது.

அவர் மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அறுந்து விழும் லிஃப்டில் கடைசி நொடியில் குதித்தால் பிழைக்கலாமா என்று விளக்கி, கையில் ஸ்பேனரோடு இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டான். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். பிறகு வதந்திகளையும் அரசியல்வாதிகளின் புள்ளிவிவரங்களையும் எடுத்துக்கொண்டான். “இதெல்லாம் எங்க மாமாகிட்ட கத்துக்கிட்டதுதான்” என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொன்னான். ஆதாரத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

அவனுடைய வீடியோக்களை யாருக்கும் தெரியாமல் குளியலறையில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்தார். ஒரு பிழையாவது சிக்காதா என்று புரூஃப் தாளை மேய்வதுபோல மேய்ந்தார்.

சிக்கியது. ஐந்து வருடத்தில் மருத்துவமனைப் படுக்கைகள் இரட்டிப்பாகிவிட்டன என்று ஓர் அமைச்சர் பேசியிருந்தார். அது பொய், பத்து சதவீதம்தான் கூடியது என்றான் மைத்துனன். ஆதாரம் சுகாதாரத் துறையின் அறிக்கையைத் தோண்டினார். பையன் பழைய வருடத்து அட்டவணையைப் பார்த்திருந்தான். உண்மையில் கூடியது நாற்பது சதவீதம்.

அவனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர் கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே ‘லிஃப்ட் மெக்கானிக்கின் பொய்க் கணக்கு’ என்று போட்டார்.

இரண்டே நாளில் எண்பதாயிரம் பேர் படித்தார்கள். அச்சகத்தில் தேநீர் நேரத்தில் போனை மேசைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். பிறகுதான் வந்தவர்கள் யார் என்று பார்த்தார். எல்லாம் அமைச்சரின் ஆட்கள். முதல் பத்தியை மட்டும் வெட்டியெடுத்து, ‘நடுநிலையாளரே ஒப்புக்கொண்டார்’ என்று ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு வந்தாள்.

“நாற்பதுன்னா, இரட்டிப்புன்னு சொன்ன அமைச்சரும் பொய்தானே சொல்லியிருக்கார்?”

“அதையும் எழுதியிருக்கேனே.”

“எங்க? கடைசிப் பத்தியில. தலைப்புல என் தம்பி.”



மறுநாள் மைத்துனனின் வீடியோ வந்தது. “பத்துன்னு சொன்னேன், தப்பு. நாற்பது. மாமா கண்டுபிடிச்சார். ஆனா இரட்டிப்பும் ஆகல. மாமா கட்டுரையைக் கடைசி வரைக்கும் படிங்க, அதுலயே இருக்கு” என்று சாதாரணமாகச் சொன்னான். அதைப் பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். தப்பை ஒப்புக்கொள்வதிலும் அவன் தன்னை முந்திவிட்டான் என்பது ஆதாரத்துக்குத் தாங்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்க் கட்டுரையின் தலைப்பை அழித்தார். அமைச்சரை மேலே கொண்டுவந்தார், மைத்துனனைக் கீழே இறக்கினார். திருத்திய கட்டுரையைப் படித்தவர்கள் முப்பத்தாறு பேர்.

அந்த வார இறுதியில் அவரே போன் செய்தார்.

“இனிமே போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை அனுப்பு.”

“அனுப்பறேன் மாமா. கேட்கலாமான்னு நானே யோசிச்சேன். நீங்க கோபமா இருக்கீங்கன்னு அக்கா சொன்னா.”

“கோபமெல்லாம் இல்ல” என்றார். அது உண்மைதான். அது கோபமில்லை.

இப்போது அவன் பேசப் போவதை எழுதி அனுப்புகிறான். அவர் வருடத்தையும் சதவீதத்தையும் சரிபார்த்து, சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புகிறார். பிழை குறைந்துவிட்டது. பார்ப்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். எத்தனை பேர் என்று அவர் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்.