கத்தி பிடிக்காத பங்கு

கரும்பு வெட்டும் கூட்டம் மயிலம்மாளுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி வைத்திருந்தது. கைமாற்றாகக் கொடுத்த பணமல்ல, உழைத்த கூலி. விடியுமுன் பிள்ளைகளைக் கையில் வாங்கி, பொழுது சாய்கையில் அதே பிள்ளைகளை முழுசாகத் திருப்பிக் கொடுத்ததற்கான கூலி. அதைத் தரமுடியாது என்று சொன்னவன் புதிதாக வந்த மேஸ்திரி தர்மராஜ்.

மயிலம்மாளைத் தெரியாதவர்களுக்குச் சொல்லியாகவேண்டும். காவிரித் தென்கரையில், ஜீயபுரம் தாண்டி, கரூர் ரோட்டை ஒட்டி வாழையும் கரும்புமாகக் கிடக்கிற ஊர்களில் அவளைப்போலப் பிள்ளை பார்க்க ஆள் கிடையாது. அதை அவளே சொல்லித் திரிகிறாள் என்பார்கள். ஆமாம், சொல்வாள். ஏன் சொல்லக்கூடாது? படித்தது இரண்டாம் வகுப்பு. பிறந்தது பெரம்பலூருக்கு அந்தப்பக்கம் மானாவாரிக் காட்டில். மருதை என்பவனைக் கட்டிக்கொண்டு, அவன் வாங்கிய முன்பணத்துக்காகக் கரும்பு வெட்ட இங்கே லாரியில் வந்து இறங்கியவள். இன்றைக்கு அவள் பேரில் இரண்டு சென்ட் இடம், ஓட்டு வீடு, கரன்ட், ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிறது. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

கரும்பு வெட்டில் ஆளைத் தனியாக எண்ணமாட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு ஜோடி. அவன் வெட்டுவான், அவள் காய்ந்த தோகையான சோகையை உரித்துக் கட்டுக் கட்டி லோடுக்குச் சுமப்பாள். டன்னுக்கு இவ்வளவு என்று வரும் பணத்தைச் சனிக்கிழமை ஜோடி ஜோடியாகப் பிரிப்பார்கள். பெண்டாட்டி வரவில்லையென்றால் பாதிதான். ஆடி மாதமே மேஸ்திரியிடம் எண்பதாயிரம் தொண்ணூறாயிரம் என்று முன்பணம் வாங்கியாயிற்று. அது அடைகிறவரை ஊர் திரும்ப முடியாது. அப்புறம் எந்தத் தாய் பிள்ளையைப் பார்க்க உட்காருவாள்? பிள்ளையைத் தார்ப்பாய்க் குடிசையில் இன்னொரு பிள்ளையிடம் விட்டுவிட்டு இருட்டோடு போய்விடுவாள்.

மயிலம்மாளும் அப்படித்தான் விட்டுப் போனாள். அவள் பெண் நடக்கப் பழகின மாதம் அது. வாய்க்கால் குடிசையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் புதைத்த மறுநாளும் அவள் கட்டுச் சுமந்தாள், ஏனென்றால் முன்பணம் அப்படியே இருந்தது. பின்னால் மருதையும் நெஞ்சுச்சளியில் போனான். அவன் விட்டுப்போன கடனைத் தனி ஆளாக நின்று அடைத்தாள். பொம்பளை கத்தி பிடிப்பதா என்று சிரித்தவர்கள் அந்த வருஷம் அவளுக்குப் பின்னால்தான் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

இடுப்பு விட்டுப்போனபோது பழைய மேஸ்திரி ரெங்கராஜ், "ஊருக்குப் போயிடு மயிலு, இனிமே உன்னால ஆகாது" என்றார்.

"நான் ஏன் போறேன்? உங்க கூட்டத்துப் புள்ளைங்க அத்தனையும் நான் பார்க்கிறேன். எனக்கு அரை ஜோடிப் பங்கு குடுங்க."

"கத்தி பிடிக்காதவளுக்குப் பங்கா? எவன் ஒத்துக்குவான்?"

"பொம்பளைங்க பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்க்காம வேலை செய்வாங்க. டன் ஏறலைன்னா ஒரு பைசா வேணாம்."

டன் ஏறியது. ரெங்கராஜ் கணக்குத் தெரிந்த மனுஷர். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரிப்பதற்கு முன்னால் மயிலம்மாளின் அரைப்பங்கை எடுத்து வைத்துவிடுவார். இருபது ஜோடிக்கு மூவாயிரம் ரூபாய், ஜோடிக்கு நூற்றைம்பதுதான் குறையும்.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை. கீற்றும் மூங்கிலும் அவள் வாங்கிப் போட்டது. உத்திரத்தில் வரிசையாகத் தூளிகள். அங்கன்வாடி திறக்கப் பத்து மணியாகும். வெட்டு ஆரம்பிப்பது நாலு மணிக்கு. நடுவில் இருக்கிற அந்த ஆறு மணி நேரத்தைப் பார்க்க ஒருவரும் இல்லை, மயிலம்மாளைத் தவிர. பத்து மணிக்குப் பெரிய பிள்ளைகளைக் கயிற்றில் போட்ட முடிச்சைப் பிடிக்கச் சொல்லி, பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோட்டைத் தாண்டி அங்கன்வாடிக்குக் கூட்டிப்போவாள். கயிற்றின் முன்முனை அவள் கையில் இருக்கும். போகும்போதே எண்ணச் சொல்லுவாள். மரத்தை எண்ணு, மாட்டை எண்ணு, பஸ்ஸை எண்ணு.

அங்கன்வாடி டீச்சர் அக்னஸ் வெளியூர்ப் பிள்ளை என்று பார்க்காமல் சோறும் முட்டையும் போடுவாள். "அக்கா, உங்க புள்ளைங்கதான் நல்லா எண்ணுதுங்க" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதை மயிலம்மாள் கரூர் ரோடு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அக்னஸிடமே, "டீச்சரு, நான் இல்லேன்னா உன் பள்ளிக்கூடத்துல ஈதான் உக்காந்திருக்கும்" என்பாள்.

"சரிங்க கலெக்டரம்மா, இந்தச் சத்துமாவைத் தூக்கிக்கிட்டுப் போங்க."

இந்த வருஷம் ரெங்கராஜுக்குக் கைகால் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. அக்காள் மகன் தர்மராஜ் கூட்டத்தை எடுத்தான். முதல் சனிக்கிழமை மயிலம்மாள் போய் நின்றபோது, அவன் பணத்தைப் பிரித்து முடித்துவிட்டு எழுந்தான்.

"என் பங்கு?"

"மாமா வயசான காலத்துல ஏமாந்துட்டாரு. கத்தி பிடிச்சாத்தான் பங்கு. புள்ளைங்களோட வெளையாடிக்கிட்டிருக்கிறதுக்கெல்லாம் கூலி கிடையாதும்மா."

"வெளையாட்டா? நாளைக்கு நீ வந்து ஒருநாள் வெளையாடேன். மத்தியானத்துக்குள்ள உன் வேட்டி நனையாத எடம் இருக்கான்னு பார்ப்போம்."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர ஒருத்தியும் அவளுக்காகப் பேசவில்லை. ஜோடிக்கு நூற்றைம்பது அதிகமாக அவர்கள் மடியில் ஏறியிருந்தது. மறுபடியும் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. மூன்றாவது சனிக்கிழமை மயிலம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பங்கு இல்லேன்னா கொட்டகை இல்ல. திங்கக்கிழமையிலேருந்து அவங்கவங்க புள்ளைய அவங்கவங்க பாருங்க."

"மயிலக்கா சும்மா சொல்லும்" என்றான் அருள்ராஜ். கூட்டத்திலேயே வேகமாக வெட்டுகிறவன் அவன். "அதுக்குப் புள்ளைங்க இல்லாம ஒரு நாழி ஓடாது."

திங்கட்கிழமை இருட்டில் கொட்டகைப் படல் பூட்டியிருந்தது. மயிலம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்து காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தார்கள், முணுமுணுத்தார்கள், திட்டினார்கள், போனார்கள். கடைசியாக ஒருத்தி கதவைத் தட்டினாள். அருள்ராஜின் பெண்டாட்டி சுபலட்சுமி. அவள் பெண் பானுவுக்கு இரண்டு வயது.

"அக்கா, இவளை மட்டும் வாங்கிக்குங்க. சளி பிடிச்சிருக்கு. நான் எங்க பங்குலேருந்து தனியாத் தர்றேன், அவருக்குத் தெரியவேணாம்."

மயிலம்மாள் எழுந்து தாழ்ப்பாள்வரை போனாள். ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்கவேண்டும். ரகசியமாக வாங்கும் நூற்றைம்பது பிச்சை, பங்கு ஆகாது. கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துக்கொண்டாள். சுபலட்சுமி இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். கொட்டகை இல்லாத காலத்தில் கரும்புக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பனிக்குப் பிள்ளையைச் சோகைக் குவியலில் படுக்கவைப்பார்கள், அது மெத்தைபோலக் கதகதப்பாக இருக்கும். பக்கத்தில் ஒரு கரும்பை உச்சிப் பச்சைத் தோகையான கொழுந்தாடையோடு நட்டு நிறுத்துவார்கள். அதைப் பார்த்தால் டிராக்டர்காரன் வண்டியை அந்தப்பக்கம் விடமாட்டான், சோகை கொளுத்துகிறவனும் நெருப்பு வைக்கமாட்டான். சுபலட்சுமி அப்படியே செய்தாள். சேலையைப் போர்த்திப் படுக்கவைத்தாள், கரும்பை நட்டாள், வரிசையோடு முன்னால் போய்விட்டாள்.

விடிந்ததும் ஊர்ப் பெண்கள் மாட்டுக்குக் கொழுந்தாடை பொறுக்க வந்தார்கள். இந்த வழக்கம் அவர்களுக்கு என்ன தெரியும்? பச்சையாக ஒரு கரும்பு நிற்கிறது, கொழுந்து நன்றாக இருக்கிறது. பிடுங்கித் தன் கட்டோடு சேர்த்துக்கொண்டு போனாள் ஒருத்தி. அவளைக் குற்றம் சொல்லமுடியாது. காட்டுக்காரருக்கு, வெட்டின கட்டையிலிருந்து துளிர்க்கிற மறுதாம்புக்குத் தண்ணீர் விடுகிற அவசரம். அவருடைய ஆள் சுற்றிப் பார்த்தான். அடையாளம் எதுவும் இல்லை, சோகைக்குள் அமுங்கிக் கிடந்த பிள்ளையும் கண்ணில் படவில்லை. பற்றவைத்தான்.

சோகை எரியும் சத்தத்தில் பிள்ளை அழுதது கேட்கவில்லை. அந்த ஆளே புகைக்குள் எதையோ பார்த்து ஓடி எடுத்தான். அவன் கையும் வெந்துபோயிற்று. பானுவின் முதுகும் இடது காலும் தீய்ந்துபோயின. 108 வண்டியில் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் நின்றது. கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிற்பாடு அறுத்துப் பிரிக்கவேண்டும், நடப்பது அப்புறம்தான் தெரியும் என்றார்கள்.

மயிலம்மாள் பஸ் ஏறிப் போனாள். வார்டு வாசலில் சுபலட்சுமி சுவரோடு உட்கார்ந்திருந்தாள். சேலையில் கரி அப்பியிருந்தது. மயிலம்மாளை ஏறிட்டுப் பார்த்தாள், மறுபடி தரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. மயிலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த சத்தம் எந்தப் பிள்ளையுடையது என்று மயிலம்மாளுக்குத் தெரிந்தது. இருட்டில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து அழுதாலும் ஒவ்வொன்றின் குரலையும் பிரித்துச் சொல்லக்கூடியவள் அவள். அன்றைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாதிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப்பிறகு வெட்டு வெட்டாக இல்லை. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் பெண்கள் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். லாரி பாதி லோடோடு நின்றது. ஆலையிலிருந்து வந்த ஆள் தர்மராஜை எல்லார் முன்னாலும் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டான்.

சனிக்கிழமை கூலி பிரிக்கிற இடத்துக்கு மயிலம்மாள் வந்தாள். தர்மராஜ் எழுந்து நின்றான். கோபம் அவனுக்கு அவள்மேல்தான்.

"வந்துட்டியா? மனுஷியா நீ? நீ மட்டும் கொட்டகையைத் தொறந்திருந்தா இது நடந்திருக்குமா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இந்தக் கேள்வியை நாலு நாளாக மயிலம்மாளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நடந்திருக்காது" என்றாள்.

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். நான் இருந்தா நடக்காது. இத்தனை வருஷத்துல என் கையில விட்ட புள்ளைக்கு ஒரு கொப்புளம் போட்டதில்ல. நீயும் அதைத்தான் சொல்றே. அப்ப நான் வெளையாடிக்கிட்டா இருந்தேன்? நான் இல்லாத ரெண்டாம் நாளு என்ன ஆச்சுன்னு பார்த்தீல்ல? இதுக்குப் பேரு வேலை இல்லேன்னா வேற எதுக்குப் பேரு வேலை? என் கூலியை எண்ணு."

"பணம் என்கிட்ட இல்ல. அப்பப்பவே இவங்களுக்குப் பிரிச்சாச்சு."

"தெரியும். ஜோடிக்கு நானூத்தம்பது இருக்கு. அவங்க கையாலேயே எண்ணட்டும். திங்கக்கிழமையிலேருந்து கொட்டகை தொறக்கும், பிரிக்கிறதுக்கு முன்னாடி என் பங்கை எடுத்து வெச்சுடணும்."

தர்மராஜ் கூட்டத்தைப் பார்த்தான். நடுவில் உட்கார்ந்திருந்த லூர்துராணி, மூன்று பிள்ளைக்காரி, முதலில் எழுந்தாள்.

"மேஸ்திரி, எங்க காசை நாங்க குடுக்கிறோம். நீங்க வாயை மூடிக்கிட்டு லாரிக்காரனுக்குப் போன் போடுங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். பாதி லோடு அவன் கண்முன் நின்றது. இரக்கத்தால் ஒன்றும் இல்லை.

வரிசையாக வந்தார்கள். மயிலம்மாள் வலது கையை விரித்து நீட்டியபடி நின்றாள். லூர்துராணி எண்ணி வைத்தாள். அடுத்தவள் எண்ணி வைத்தாள். சிலர் முகத்தைப் பார்த்து வைத்தார்கள், சிலர் கையை மட்டும் பார்த்தார்கள். கை நிறைந்தபோதெல்லாம் மடியில் முடிந்துகொண்டு மறுபடி நீட்டினாள்.

கடைசியில் அருள்ராஜ் நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தான். சுபலட்சுமி வேலைக்கு வராததால் அவனுக்குப் பாதிக் கூலிதான் விழுந்திருந்தது. அதிலும் முன்பணத்துக்கென்று தர்மராஜ் பிடித்துக்கொண்டது போக மிச்சம்.

"அவனை மட்டும் விட்டுடுக்கா" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

மயிலம்மாள் கையை இழுக்கவில்லை. அவனிடம் வேண்டாம் என்றால் மற்ற பத்தொன்பது பேரும் கொடுத்தது தயவாகிவிடும், அடுத்த வருஷம் இன்னொரு தர்மராஜ் அதையே சொல்லுவான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு விதமாகப் பார்த்துக்கொள்ளலாம், தன் காசிலேயேகூட. இந்தக் கணக்கு வேறு.

"திங்கக்கிழமை தொறப்பீங்கல்ல?" என்றான் அருள்ராஜ்.

"தொறப்பேன்."

அவன் நோட்டுகளை எச்சில் தொட்டுப் பிரித்தான். நூறு. இருநூறு. முந்நூறு. நானூறு. ஐம்பதுக்குச் சட்டைப்பையைத் துழாவினான். ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு முதலில் வந்தது, அதை மறுபடி உள்ளே திணித்தான். கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, அவளுடைய விரிந்த கையில் ஐந்தையும் எண்ணி வைத்தான்.