வாத்தியக்காரர்களின் முறை

எழுபதுகளில் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் எனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மா, இரண்டாம் உலக யுத்த காலத்தில் நடன மண்டபங்களில் பெரிய வாத்தியக் குழுவோடு பாடியவர். அறுபது வயதிலும் லிப்ஸ்டிக் பூசாமல் குப்பை வாளியைக்கூட வெளியே கொண்டுபோய் வைக்கமாட்டார். குசினியில் சமைத்தபடி பாடும்போது பாதியில் நிறுத்திவிட்டு, சிரித்த முகத்தோடு தொடையில் விரலால் தாளம் தட்டியபடி நிற்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஏனென்று நான் கேட்டதில்லை.

எங்கள் பொங்கல் விழாவில் பாட அவரை நானே அழைத்துப் போனேன். பச்சை நிற நீளக் கவுனில் வந்து, வாத்தியம் எதுவுமில்லாமல் பாதிப் பாட்டு பாடிவிட்டு நின்றார். அதே சிரிப்பு, அதே விரல்கள். மண்டபத்தில் சத்தமேயில்லை.

"மனுசிக்குப் பாட்டு மறந்து போச்சு. ஏன் இவவைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?" என்றான் பக்கத்திலிருந்த நண்பன்.

எனக்கு மானம் போனது. எழுந்து பலமாகக் கை தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். அவர் எங்களை ஒருகணம் பார்த்தார்; குனிந்து வணங்கிவிட்டு இறங்கினார்.

திரும்பும்போது காரில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான் மறக்கவில்லை. நடுவில் வாத்தியக்காரர்களின் முறை வரும். அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பாடகி காத்து நிற்கவேண்டும். அப்படியே பழகிவிட்டது." பிறகு என் கையைத் தொட்டார். "என்னைக் காப்பாற்றத்தான் தட்டினாய், தெரியும்."

ஓம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் குசினியில் இருந்தால், அவர் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் பாடி முடித்துவிடுவார்.